முன் பிரேக்ல கரகரன்னு சத்தம் வந்தா எங்க பாக்கணும், எப்படி சரி பண்ணணும்

கார் பிரேக்ல கால வச்சதும் முன்பக்கத்துல இருந்து கரகரன்னு இரும்பு இரும்போட உரசுற சத்தம் வருதுன்னா அத இன்னும் ஒரு வாரம் ஓட்டிட்டு பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. சக்கரத்தோட சேந்து சுத்தற வட்டத் தகடு டிஸ்க், அத ரெண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தறது பேட், பேட்ட பிஸ்டனால தள்ளற கவ்வி காலிப்பர். பேட்ல இருக்கற பிடிமானப் பகுதி மொத்தமா தேஞ்சு, அது ஒட்டியிருந்த இரும்புத் தகடே டிஸ்க்க அரைக்குதுன்னா வண்டி நிக்கிற தூரம் கூடிடும், டிஸ்க்ல வரி வரியா பள்ளம் விழும், அதையும் தாண்டி ஓட்டினா காலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளிய வந்து பிரேக் ஆயில் கசியற வரைக்கும் கூட போகலாம். பேட் மட்டும் மாத்தி முடிஞ்சிருக்க வேண்டிய வேலை டிஸ்க், காலிப்பர்னு பெருசாகறது இப்படித்தான்.

அதே சமயம் கரகர சத்தம்னாலே பேட் போச்சுன்னு முடிவு பண்ணி, புது செட் வாங்கி மாட்டி, மாட்டின பிறகும் அதே சத்தம் வந்து குழம்பறவங்களும் நிறைய பேர். நான் அழுத்தி சொல்ல வர்றது இதுதான், பேட் தேயறது விளைவு, பல நேரம் காரணம் வேற எங்கயோ இருக்கு, அத கண்டுபிடிக்காம பேட்ட மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல திரும்ப அங்கயே வந்து நிப்பீங்க. அதனால ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி காதுக்குத்தான் வேலை.

பாட்ட நிறுத்திட்டு, ஏசி ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு பக்க கண்ணாடியயும் இறக்கி விட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல மெதுவா, 20, 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுங்க. ஒரு சுவர ஒட்டி போனீங்கன்னா சத்தம் சுவர்ல பட்டு திரும்பி வரும், எந்த பக்கம்னு கண்டுபிடிக்க ரொம்ப உதவும். பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து அவர் பக்கத்த கவனிச்சா இன்னும் நல்லது. பெடல் மிதிச்சதும் இறங்கிப் போகுது, பிரேக் வார்னிங் லைட் எரியுது, நிறுத்தினா வண்டி தூரமா போய் நிக்குது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா இந்த ஓட்டிப் பாக்கற வேலையே வேண்டாம், வண்டிய அங்கயே நிறுத்தி வைங்க.

கேக்க வேண்டிய முதல் கேள்வி, சத்தம் பெடல் மிதிக்கும்போது மட்டும் வருதா, மிதிக்காதப்பவும் வருதா. மிதிக்கும்போது மட்டும் வந்து, கால எடுத்ததும் நின்னு போச்சுன்னா பேட்டும் டிஸ்க்கும் சேர்ற இடத்துலதான் விஷயம் இருக்கு. மிதிக்காமலே சர்ர் சர்ர்னு சக்கரம் சுத்தற கணக்குல வருதுன்னா டிஸ்க்குக்கு பின்னாடி இருக்கற மெல்லிசான தகடு, டஸ்ட் ஷீல்டுன்னு சொல்வாங்க, அது வளைஞ்சு டிஸ்க்ல உரசலாம், இல்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கல் மாட்டியிருக்கலாம். கல் மாட்டினா வர்ற சத்தம் ரொம்ப பயங்கரமா இருக்கும், வண்டியே உடைஞ்சுடுச்சோன்னு தோணும், ஆனா இருக்கறதுலயே சின்ன வேலை இதுதான். நல்லா ஓடிட்டு இருந்த வண்டியில, ஜல்லி ரோட்டுல போய்ட்டு வந்த உடனே திடீர்னு இந்த சத்தம் ஆரம்பிச்சா முதல் சந்தேகம் கல் மேலதான் வரணும். மெதுவா கொஞ்சம் ரிவர்ஸ்ல போய் திரும்ப முன்னாடி வந்தீங்கன்னா சில நேரம் அதுவே விழுந்துடும்.

பிரேக்குக்கு சம்பந்தமே இல்லாம, வேகம் கூடக் கூட ஊஊன்னு ஒரு இரைச்சல் கூடிட்டே போகுது, ஸ்டீயரிங்க லேசா ஒரு பக்கம் திருப்பினா கூடுது, இன்னொரு பக்கம் திருப்பினா குறையுதுன்னா அது சக்கரத்த தாங்கி சுத்த விடற வீல் பேரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். இடது பக்கம் திரும்பும்போது வண்டியோட எடை வலது சக்கரத்து மேல சாயும், அதனால அப்ப சத்தம் கூடினா வலது பேரிங்க பாக்கணும். ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு திருப்பி கிளம்பும்போது டக் டக் டக்னு வந்தா அது சக்கரத்த சுத்த வைக்கற ஆக்சில்ல இருக்கற சிவி ஜாயின்ட், பிரேக்க கழட்டிப் பாத்து பிரயோஜனம் இல்ல.

திடீர் பிரேக்ல சக்கரம் சுத்தாம பூட்டிக்கறத தடுக்கற ஏபிஎஸ்ஸோட சத்தத்தயும் பலபேர் பிரேக் சத்தம்னு நினைச்சுக்கறாங்க. வழுக்கற ரோட்டுல, மண்ணுல, திடீர்னு அழுத்தி மிதிக்கும்போது கால்ல கடகடன்னு உதறி, கரகரன்னு சத்தம் வந்தா ஏபிஎஸ் தன் வேலைய செய்யுதுன்னு அர்த்தம், பயப்பட ஒண்ணுமில்ல, காலயும் எடுக்காதீங்க. ஆனா காய்ஞ்ச நல்ல ரோட்டுல, சாதாரணமா மெதுவா நிறுத்தும்போது, கடைசி கொஞ்ச வேகத்துல மட்டும் பெடல் உதறி கரகரன்னு வருதுன்னா சக்கரத்து வேகத்த அளக்கற சென்சாரோ, அது படிக்கிற பல்சக்கரமோ துரு, அழுக்கு பிடிச்சு தப்பான கணக்கு கொடுக்குது, அதனால தேவையில்லாத நேரத்துல ஏபிஎஸ் இறங்குது. பேட் டிஸ்க் எல்லாம் மாத்தியும் போகாத சத்தத்துல இது ஒரு முக்கியமான ஆளு.

காலையில முதல் நாலஞ்சு பிரேக்குக்கு மட்டும் கரகரன்னு வந்து அப்பறம் காணாம போறது துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, மழை பெஞ்சாலோ வண்டி கழுவினாலோ ராத்திரியோட ராத்திரியா மேல ஒரு ஆரஞ்சுப் படலம் வந்துடும், பேட்டே அத தேச்சு எடுத்துடும். இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆனா வாரக்கணக்குல நிறுத்தி வச்ச வண்டியில துரு ஆழமா இறங்கி குழி குழியா ஆயிருந்தா அது ஓட்டி சரியாகாது. ஹைப்ரிட், மின்சார வண்டி வச்சிருக்கவங்க இத கொஞ்சம் கூடவே கவனிக்கணும், மோட்டாரே வேகத்த குறைச்சுடறதால பிரேக் பேட் டிஸ்க்க தொடறதே குறைவு, அதனால பேட் புதுசு மாதிரி இருக்கும், டிஸ்க் துருப் பிடிச்சு போயிருக்கும்.

இன்னொண்ணு, கரகர வேற, கீச்சுன்னு வர்ற சத்தம் வேற. நிறைய பேட்ல ஒரு சின்ன இரும்பு நாக்கு வச்சிருப்பாங்க, பேட் கிட்டத்தட்ட 2, 3 மில்லிமீட்டருக்கு தேஞ்சதும் அந்த நாக்கு டிஸ்க்ல பட்டு கீச்சுன்னு கத்தும். அது முன்னெச்சரிக்கை, அத கண்டுக்காம விட்டாத்தான் அடுத்து கரகரக்கு வரும். சில வண்டியில நாக்குக்கு பதிலா பேட்ல ஒரு ஒயர் இருக்கும், அது தேஞ்சு அறுந்ததும் டேஷ்போர்டுல லைட் எரியும். உங்க பேட்ல இது ரெண்டுமே இல்லாமலும் இருக்கலாம், கீச் சத்தமே வரல அதனால பேட் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இப்ப கழட்டற வேலை. சம தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு கட்டை வச்சு, சக்கரம் தரையில இருக்கும்போதே வீல் நட்ட கால் சுத்து லூஸ் பண்ணிட்டு அப்பறம் ஜாக்கி போடுங்க. ஜாக்கிய மட்டும் நம்பி கைய உள்ள விடாதீங்க, ஸ்டாண்டு வச்சு வண்டிய அது மேல உக்கார வைக்கணும், இதுல எந்த சமரசமும் கிடையாது. ஓட்டிட்டு வந்த உடனே தொடாதீங்க, டிஸ்க் கைய சுட்டுடும். ஆனா தொடாம பக்கத்துல கைய கொண்டு போய் ரெண்டு பக்க சூட்டயும் ஒப்பிட்டு பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிக்குது, கருகல் வாசன வருது, ஓட்டும்போது வண்டி அந்த பக்கமே இழுக்குதுன்னா அங்க காலிப்பர் விடாம பிடிச்சுட்டு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

சக்கரத்த கழட்டினதும் பிரிக்க ஆரம்பிக்காதீங்க. மேலயும் கீழயும் பிடிச்சு சக்கரத்த ஆட்டிப் பாக்கறது கழட்டறதுக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும், லொடலொடன்னு ஆடினா பேரிங்கோ, சக்கரத்த சஸ்பென்ஷனோட சேக்கற பால் ஜாயின்ட்டோ போயிருக்கு. கழட்டின பிறகு டிஸ்க்க கையால சுத்துங்க, சர்ர்னு உரசுதா, எந்த இடத்துல உரசுதுன்னு டார்ச் அடிச்சு டஸ்ட் ஷீல்ட சுத்தி பாருங்க. பளபளன்னு தேஞ்ச கோடு தகட்டுல தெரிஞ்சா அங்கதான் படுது, கையாலயோ நீள ஸ்க்ரூ டிரைவராலயோ கொஞ்சமா வெளிய வளைச்சு விட்டா முடிஞ்சது. கல் இருந்தா அங்கயே கண்ணுக்கு தெரியும். நிறைய பேரோட வேலை இங்கயே முடிஞ்சுடும், காலிப்பர தொடவே வேண்டாம்.

முடியலன்னா, காலிப்பர தாங்கற ரெண்டு ஸ்லைடு பின் போல்ட்ட கழட்டி காலிப்பர வெளிய எடுங்க. எடுத்ததும் ஒரு கட்டுக்கம்பியால சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டி தொங்க விடுங்க, பிரேக் ஆயில் வர்ற ரப்பர் குழாய்ல, அதாவது ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியாது. ஒரு பக்கத்த முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கத்துக்கு போங்க, எந்த கிளிப் எங்க இருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா மறுபக்கம் பாத்துக்கலாம், கழட்டும்போதே ஒரு ஃபோட்டோவும் எடுத்து வைங்க. அப்பறம் அந்த கருப்பு தூச காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாட்டியும் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமா துடைச்சு எடுங்க.

இந்த இடத்துல நிதானமா உக்காந்து பழைய பேட்ட படிக்கணும், முழு கதையும் அதுலதான் இருக்கு. புது பேட்ல பிடிமானப் பகுதி பொதுவா 10 மில்லிமீட்டர சுத்தி இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தா மாத்திடறது நல்லது. உள் பேட்டயும் வெளி பேட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுல தேஞ்சிருந்தா காலிப்பர் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு, பேட்டுக்கு வயசாயிடுச்சு அவ்வளவுதான். ஒண்ணு தடியா இருக்கு, இன்னொண்ணு தகடு வரைக்கும் போயிருக்குன்னா ஏதோ ஒண்ணு இறுகியிருக்கு, ஸ்லைடு பின்னா பிஸ்டனானு பாக்கணும். ஒரே பேட் ஒரு முனையில தடியா மறு முனையில மெல்லிசா சரிவா தேஞ்சிருந்தா ரெண்டு பின்ல ஒண்ணு நகரல, இல்ல பேட்டோட ரெண்டு முனையிலயும் நீட்டிட்டு இருக்கற காது, அத தாங்கற இரும்புச் சட்டமான பிராக்கெட்ல சிக்கியிருக்கு. சக்கர இடுக்கு வழியா எட்டிப் பாத்து வெளி பேட் நல்லா தடியா இருக்குன்னு நிம்மதியா போறவங்க மாட்டிக்கறது இதனாலதான், உள் பேட்டு அங்க இருந்து சரியா தெரியாது.

ஸ்லைடு பின்ன பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். நிறைய கார்ல முன் காலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம்தான், அது உள் பேட்ட தள்ளும், தள்ளின வேகத்துல காலிப்பர் முழுசா எதிர்ப்பக்கம் நகந்து வெளி பேட்ட இழுத்து டிஸ்க்ல அழுத்தும். இந்த நகர்வு முழுக்க அந்த ரெண்டு பின் மேலதான் நடக்குது. பின்ல இருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணி போனா கிரீஸ் காஞ்சு துருப் பிடிச்சு பின் அப்படியே இறுகிடும், அப்பறம் பேட் ஒரே மாதிரி தேயறதுக்கு வழியே இல்ல. கையால இழுத்தா பின் வழுக்கிட்டு வரணும், திருகி திருகி இழுக்க வேண்டியிருந்தா அதுதான் உங்க குற்றவாளி. வெளிய எடுத்து பழைய கிரீஸ சுத்தமா துடைச்சு, துருவ வயர் பிரஷ்ல எடுத்து, பின் போற ஓட்டையயும் சுத்தம் பண்ணி, ரப்பருக்கு ஒத்துப்போற சிலிக்கான் கிரீஸ லேசா தடவி திரும்ப போடுங்க. சாதாரண பேரிங் கிரீஸ் போடாதீங்க, அது ரப்பர உப்ப வச்சுடும், கொஞ்ச நாள்ல முன்ன விட மோசமா இறுகும். மேல் பின்னும் கீழ் பின்னும் சில காலிப்பர்ல வேற வேற வடிவம், மாத்திப் போட்டுடாதீங்க. குழி விழுந்த பின்ன மாத்திடுங்க, கிழிஞ்ச உறையயும் சேத்துதான்.

அடுத்து பிராக்கெட்ல பேட் காது உக்கார்ற இடம். அங்க இருக்கற மெல்லிசான எஃகு கிளிப்ப கழட்டினா அடியில துரு உப்பியிருக்கும், அது கிளிப்ப மேல தள்ளி பேட்ட இறுக்கிப் பிடிக்கும். வயர் பிரஷ், அரம் எது கிடைக்குதோ அத வச்சு இரும்பு தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க, புது பேட்டோட கிளிப் வந்திருந்தா புதுசே போடுங்க. பேட் கையால நகத்தினா போய் வரணும், லொடலொடன்னும் ஆடக் கூடாது. புது பேட் இறுக்கமா இருக்குன்னு சுத்தியல்ல தட்டி ஏத்தறத நான் ஒரு நாளும் ஒத்துக்க மாட்டேன், தட்டி ஏறின பேட் திரும்பி வராது, எப்பவும் டிஸ்க்கயே உரசிட்டு இருக்கும்.

டிஸ்க்க பாருங்க. நகத்த குறுக்க ஓட்டினா லேசா வரி தட்டுப்படறது பரவாயில்ல, நகம் மாட்டி நிக்கிற அளவு பள்ளம், விரிசல், சூட்டுல நீலமா மாறின திட்டு இதெல்லாம் இருந்தா மாத்த வேண்டியதுதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதுக்கு கீழ தேயக் கூடாதுன்னு ஒரு குறைந்தபட்ச தடிமன் உண்டு, பெரும்பாலும் டிஸ்க்லயே ஓரத்துலயோ நடுக் கிண்ணத்துலயோ பொறிச்சிருப்பாங்க. ஓரத்துல தேயாத விளிம்பு உயரமா நிக்கும், அதனால விளிம்புல அளந்தா தப்பான கணக்கு வரும், உள்ள தள்ளி மைக்ரோமீட்டர் வச்சு நாலஞ்சு இடத்துல அளங்க. அந்த விளிம்பு இன்னொரு வேலையும் பண்ணும், பழைய டிஸ்க்ல புது பேட் போட்டா பேட்டோட ஓரம் அந்த விளிம்புல ஏறி கரகரன்னு உரசும், புது பேட் போட்டும் சத்தம் போகலன்னு சொல்றவங்க முதல்ல இத பாக்கணும். தடிமன் மிச்சம் இருந்தா லேத்ல கடைஞ்சு சமன் பண்ணலாம், எல்லைக்கு பக்கத்துல இருந்தா கடையறதே வேண்டாம், ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடுங்க.

புது டிஸ்க் போடறதா இருந்தா டிஸ்க் உக்கார்ற ஹப்போட முகத்துல இருக்கற துருவ முழுசா சுரண்டி எடுங்க. அங்க ஒரு துரு பொடி ஒட்டியிருந்தாலும் டிஸ்க் கோணலா உக்காந்து ஒவ்வொரு சுத்துக்கும் பேட்ல தட்டும், ஆரம்பத்துல தெரியாது, போகப் போக பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். துரு வராம இருக்க புது டிஸ்க்ல எண்ணெய் பூசியிருப்பாங்க, பிரேக் கிளீனர் அடிச்சு அத துடைச்சுட்டு மாட்டுங்க.

பிஸ்டன உள்ள தள்ளறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் டப்பா மூடிய திறந்து அளவு பாருங்க. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானா இறங்கும், அத பாத்து இடையில யாராவது ஊத்தி நிரப்பியிருந்தா இப்ப பிஸ்டன தள்ளும்போது பொங்கி வழியும், பெயின்ட்ட அரிச்சுடும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க. பழைய பேட்ட பிஸ்டன் மேல வச்சு சி கிளாம்ப்பால மெதுவா, நேரா தள்ளுங்க. சீரா உள்ள போகணும், போகவே மாட்டேங்குது, இல்ல சுத்தி இருக்கற ரப்பர் கிழிஞ்சு ஈரமா இருக்குன்னா அந்த காலிப்பர ரிப்பேர் கிட் போட்டு பிரிச்சு சரி பண்ணணும், இல்ல மாத்தணும். பிரேக் ஆயில் பைப் கழட்டற வேலை, பைப்புக்குள்ள போன காத்த வெளிய எடுக்கற வேலையெல்லாம் பழக்கம் இல்லன்னா இந்த இடத்துல மெக்கானிக்க கூப்பிடுங்க. பிஸ்டன் நல்லா இருந்தும் பிரேக் விடாம பிடிச்சுட்டே இருந்தா பழைய ஹோஸ் உள்ளுக்குள்ள உப்பி ஆயில திரும்ப விடாம இருக்கலாம், அதையும் பாக்கச் சொல்லுங்க.

மாட்டும்போது பேட் முகத்துல கிரீஸோ எண்ணெய் விரலோ படக் கூடாது. பேட்டோட பின்தகடு, காது ரெண்டுலயும் சூடு தாங்கற பிரேக் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். நாக்கு இருக்கற பேட் எந்த பக்கம் போகணும், நாக்கு மேல வரணுமா கீழ வரணுமான்னு பழசு இருந்த மாதிரியே பாத்து போடுங்க, தப்பா போட்டா கிளிப்போ நாக்கோ டிஸ்க்ல பட்டு புது சத்தம் கிளம்பும். போல்ட்ட உங்க வண்டி மேனுவல்ல சொன்ன டார்க், அதாவது இறுக்கற விசை அளவுக்கு இறுக்குங்க, வீல் நட்ட எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்குங்க, ஒரே சுத்தா வரிசையா இறுக்கினா டிஸ்க் சமமா உக்காராது. பேட்ட எப்பவும் ரெண்டு பக்கமும் ஜோடியாத்தான் மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

எல்லாம் முடிஞ்சு வண்டிய கிளப்பறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலயே, பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிச்சு மிதிச்சு விடுங்க. பிஸ்டன் உள்ள தள்ளியிருக்கறதால முதல் சில மிதிக்கு பிரேக்கே இருக்காது, இத மறந்துட்டு கியர் போட்டா எதிர்ல இருக்கற சுவர்லதான் போய் நிப்பீங்க. பெடல் கெட்டியானதும் ஆயில் மட்டத்த பாத்து, மேனுவல்ல சொன்ன வகையில மட்டும் நிரப்புங்க. டாட் 3, டாட் 4ன்னு வர்ற பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற ரகம், ரொம்ப நாளா திறந்து கிடந்த பாட்டில்ல இருந்து ஊத்தாதீங்க.

அப்பறம் பேட்டயும் டிஸ்க்கயும் பழக்கி விடணும். காலியான ரோட்டுல 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 10 வரைக்கும் மிதமா பிரேக் பிடிச்சு, முழுசா நிறுத்தாம திரும்ப வேகம் எடுத்து, நடுவுல கொஞ்சம் ஆற விட்டு, எட்டு பத்து தடவை பண்ணுங்க. பேட் கம்பெனி வேற முறை சொல்லியிருந்தா அத செய்ங்க. சூடா இருக்கும்போது பெடல அழுத்திட்டே நிக்காதீங்க, பேட் பட்டுக்கிட்டு இருக்கற இடத்துல மட்டும் டிஸ்க்ல படிவு ஒட்டிக்கும், அதுவே பின்னாடி நடுக்கமா வரும். இந்த முதல் ஓட்டத்துல லேசா சர்ர்னு உரசற சத்தம் வந்தா பதறாதீங்க, பேட் முகமும் டிஸ்க் முகமும் ஒண்ணுக்கொண்ணு இன்னும் உக்காரல. ரெண்டு மூணு நாள் ஓட்டின பிறகும் அது குறையாம இருந்தாலோ, பெடல் மிதிக்காதப்ப வந்தாலோ திரும்ப கழட்டி டஸ்ட் ஷீல்ட வளைச்சு விட்டுட்டோமா, கிளிப் டிஸ்க்ல படுதா, பேட் டிஸ்க்கோட நடுக் கிண்ணத்துல உரசுதான்னு வரிசையா பாருங்க, பேட் மாடல் உங்க வண்டிக்கு சரியானதான்னு பழசு மேல வச்சு ஒப்பிட்டும் பாத்துடுங்க. வீல் நட்ட ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வச்சு சரி பாருங்க, அப்பவே டிஸ்க்குகிட்ட கைய கொண்டு போய் ரெண்டு பக்கமும் ஒரே சூடான்னும் பாத்துக்கோங்க.